மொழிக்கு உள்ளே எது, வெளியே எது: பிஎச்பி நீட்டிப்புகள் பற்றி

வலைத்தளங்களை எழுதப் பயன்படும் நிரல்மொழியான பிஎச்பி என்று நாம் அழைப்பதில் மொழி என்று கறாராகச் சொல்லத்தக்க பகுதி மிகச் சிறியது. மாறிகள், நிபந்தனைகள், சுழற்சிகள், வகுப்புகள் ஆகியவற்றைப் புரிந்துகொண்டு இயக்கும் ஸெண்ட் எஞ்சின் ஒருபுறம் இருக்கிறது. அன்றாடம் நாம் எழுதும் நிரலில் உண்மையான வேலையைச் செய்பவை ஏறக்குறைய எல்லாமே எக்ஸ்டென்ஷன் எனப்படும் நீட்டிப்புகள்தான். ஒரு சரத்தை, அதாவது எழுத்துகளின் தொடரை, வெட்டும் சப்ஸ்ட்ர், ஓர் அணியை வரிசைப்படுத்தும் சார்ட் ஆகிய இரண்டும்கூட ‘ஸ்டாண்டர்ட்’ என்ற பெயருள்ள ஒரு நீட்டிப்பிலிருந்தே வருகின்றன. கட்டளை வரியில் ‘பிஎச்பி -எம்’ என்று கொடுத்தால் வரும் பட்டியலில் அது தேதிக்கான நீட்டிப்போடும், தரவுப் பரிமாற்ற வடிவமான ஜேசனுக்குரிய நீட்டிப்போடும் ஒரே வரிசையில் நிற்பதைக் காணலாம். எப்போதும் கூடவே வருவதால் அதை நாம் மொழி என்றே எடுத்துக்கொள்கிறோம்.

தமிழ் உரையைக் கையாளும் வலைத்தளங்களைப் பல ஆண்டுகளாகப் பிஎச்பியில் எழுதிப் பராமரித்து வருபவன் என்ற முறையில், இந்த உள், வெளி என்ற கோடு எங்கே விழுகிறது என்பது எனக்கு வெறும் கட்டமைப்புக் கேள்வியாக ஒருபோதும் இருந்ததில்லை. ஆங்கிலத்தில் மட்டும் எழுதுபவருக்கு மொழியோடு வந்துவிடும் வசதிகள், நமக்கு ஒரு நீட்டிப்பை யாராவது நிறுவினால்தான் கிடைக்கின்றன.

இந்த அமைப்பு தற்செயலாக வந்ததன்று. ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1995இல் வெளியிட்ட சிறு கருவித் தொகுப்பை, ஆண்டி குட்மன்ஸ், ஸீவ் சுராஸ்கி ஆகிய இரு இஸ்ரேலிய மாணவர்கள் திரும்ப எழுதி, 1998இல் அது பிஎச்பி 3 ஆக வந்தது. அதன் மிகப் பெரிய பலம் நீட்டிக்கும் தன்மைதான். மையத்தைத் தொடாமலேயே, தங்களுக்கு வேண்டிய தரவுத்தளத்துக்கோ நெறிமுறைக்கோ ஒரு தொகுதியை எழுதி இணைக்க முடியும் என்றானதும், பலர் வந்து சேர்ந்து ஆளுக்கொன்றாக எழுதினார்கள். சி மொழியில் ஏற்கெனவே நன்றாக எழுதப்பட்டு நிலைபெற்றிருந்த லைப்ரரிகளை, அதாவது ஆயத்த நிரல் தொகுப்புகளை, எல்லாம் ஒரு வலைப்பக்கத்தின் நடுவிலிருந்து அழைக்க முடிந்தது. பிஎச்பி அவ்வளவு விரைவாகப் பரவியதற்கு அதன் இலக்கணம் எளிமையாக இருந்தது ஒரு காரணம்தான். இந்தத் திறந்த வாசல் அதைவிடப் பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

ஒரு நீட்டிப்பு எப்படி இயங்குகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பின்னால் வரும் சிக்கல்கள் அனைத்தும் இதிலிருந்து கிளைப்பவை. நீட்டிப்பு என்பது சி மொழியில் எழுதி, கம்பைல் செய்து, அதாவது கணினி நேரடியாக ஓட்டும் வடிவுக்கு மாற்றி, லினக்ஸில் ‘எஸ்ஓ’ கோப்பாகவும் விண்டோஸில் ‘டிஎல்எல்’ கோப்பாகவும் வைக்கப்படும் ஒரு தொகுதி. பிஎச்பி தொடங்கும்போது தன் அமைப்புகள் எழுதப்பட்ட பிஎச்பி ஐஎன்ஐ கோப்பைப் படித்து அதை ஏற்றுகிறது. தொகுதி தன் பெயரையும், தான் தரும் செயற்கூறுகளின் பட்டியலையும், நான்கு வாழ்க்கைக் கட்டங்களில் அழைக்கப்பட வேண்டிய நிரல்களையும் ஒப்படைக்கிறது. அந்த நான்கும், தொகுதி ஏறும்போது, ஒவ்வொரு கோரிக்கையும் தொடங்கும்போது, அது முடியும்போது, தொகுதி இறங்கும்போது என அமையும். அதன்பின் எஞ்சினுக்கும் நீட்டிப்புக்கும் இடையே சுவர் கிடையாது. இரண்டும் ஒரே நினைவகத்தில், ஒரே செயல்முறைக்குள் ஓடுகின்றன. வேகம் அதனால்தான் கிடைக்கிறது. நீட்டிப்பில் நினைவக இடத்தைக் காட்டும் ஒரு சுட்டி தவறான இடத்தைத் தொட்டால் முழுச் செயல்முறையும் செத்து விழுவதும் அதனால்தான். நம் நிரலில் பிழைகளைப் பிடிக்க எத்தனை டிரை-கேட்ச் போட்டிருந்தாலும் அந்த விபத்து அவற்றில் பிடிபடாது.

இனித் தமிழுக்கு வருகிறேன். ‘தமிழ்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நீளம் சொல்லும் செயற்கூறான ஸ்ட்ர்லென் அதன் நீளம் 15 என்கிறது. பல பைட்டுகளால் ஆன எழுத்துகளைக் கையாளும் எம்பிஸ்ட்ரிங் நீட்டிப்பின் எம்பி-ஸ்ட்ர்லென் 5 என்கிறது. உலக மொழிகளின் விதிகளை அறிந்த இன்டல் நீட்டிப்பின் கிராஃபீம்-ஸ்ட்ர்லென் 3 என்கிறது. மூன்று விடைகளும் அவையவை எண்ணும் பொருளுக்குச் சரியானவை. பிஎச்பிக்குச் சரம் என்பது வெறும் பைட்டுகளின் வரிசை. யூனிகோடைப் பைட்டுகளாக எழுதும் முறையான யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட்டுகள். த என்பது 224, 174, 164. ம என்பது 224, 174, 174. இகரக் குறி 224, 174, 191. ழ என்பது 224, 174, 180. புள்ளி 224, 175, 141. ஐந்து குறியீடுகள், பதினைந்து பைட்டுகள். ஆனால் பள்ளியில் படிக்கும் குழந்தையிடம் கேட்டால் த, மி, ழ் என்று மூன்று எழுத்துதான் எண்ணும். இந்த மூன்றில் அந்தக் குழந்தை தரும் விடையைத் தருவது இன்டல் மட்டுமே.

இது எண்ணிக்கையோடு நின்றுவிடுவதில்லை. நூல் பட்டியல் ஒன்றில் தலைப்புகளைக் குறிப்பிட்ட நீளத்துக்கு வெட்டிக் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சப்ஸ்ட்ரைக் கொண்டு ‘தமிழ்’ என்பதை நான்கு பைட்டில் வெட்டினால், த முழுதாக வரும்; அடுத்த எழுத்தின் 224 மட்டும் அனாதையாக ஒட்டிக்கொள்ளும். உலாவியில் அது கறுப்புச் சாய்சதுரத்துக்குள் ஒரு கேள்விக்குறியாகத் தெரியும். அந்தச் சரத்தை ஜேசனாக மாற்ற முயன்றால் இயல்பான அமைப்பில் மாற்றம் முழுவதுமாகத் தோற்று ‘ஃபால்ஸ்’ திரும்பி வரும். ஒரே ஒரு தலைப்பின் பாதி எழுத்துக்காகப் பட்டியல் முழுவதும் காணாமல் போகும். எம்பிஸ்ட்ரிங் இந்த உடைசலைத் தடுக்கிறது. ஆனால் அதற்குத் தமிழெழுத்து என்பது தெரியாது, குறியீடுதான் தெரியும். ‘நெல்’ என்பதை மூன்றில் வெட்டினால் ‘நெல’ என்று புள்ளி இழந்து வரும். ஒன்றில் வெட்டினால் ‘ந’ வரும். எங்கும் பிழைச்செய்தி எழாது, சரமும் செல்லுபடியாகும் யுடிஎஃப்-8தான். படிப்பவர் மட்டும் தவறான சொல்லைப் படிப்பார். தொழில்நுட்ப அளவில் எல்லாம் சரியாக இருந்துகொண்டு மொழி மட்டும் சிதைவது, வெளிப்படையாக உடைந்து நிற்பதைவிட மோசமானது என்றே கருதுகிறேன்.

தேடலில் இன்னொரு சிக்கல் உண்டு. ‘கொடி’ என்ற சொல்லில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாக அடுத்தடுத்து வைத்தும் எழுதலாம். திரையில் இரண்டுக்கும் வேறுபாடு இராது. யூனிகோடும் இரண்டும் சமம் என்றே சொல்கிறது. ஆனால் பிஎச்பியின் சமக்குறி பைட்டுகளை ஒப்பிடுவதால் இரண்டும் வெவ்வேறு என்று விடை வரும். பழைய எழுத்துருக் குறியாக்கங்களிலிருந்து மாற்றப்பட்ட உரைகளில் இப்படித் துண்டான வடிவத்தைப் பலமுறை கண்டிருக்கிறேன். கண் முன்னே இருக்கும் நூலைத் தேடல் இல்லை என்று மறுக்கும். இன்டல் நீட்டிப்பில் உள்ள நார்மலைஸர் வகுப்பு இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருகிறது. உரை உள்ளே நுழையும் இடத்திலேயே அதை ஒருமுறை ஓட்டிவிடுவதை வழக்கமாக வைத்திருக்கிறேன்.

எனக்கு மிக நெருக்கமானது அகரவரிசைதான். கமலா, கவிதா, கனகா என்ற மூன்று பெயர்களைத் தமிழ் தெரிந்த எவரும் இந்த வரிசையில்தான் அடுக்குவார், ஏனெனில் மெய்வரிசையில் ம முன்னும், வ அதற்குப் பின்னும், ன எல்லாவற்றுக்கும் கடைசியிலும் வருகின்றன. பிஎச்பியின் சார்ட் கனகா, கமலா, கவிதா என்று அடுக்கும். யூனிகோட் அட்டவணையில் ன என்பது ந-வுக்கு அடுத்து அமர்ந்திருப்பதும், ற என்பது ர-வுக்கு அடுத்தும், ள, ழ இரண்டும் வ-வுக்கு முன்னும் இருப்பதுமே காரணம். அட்டவணையின் அந்த அமைப்பு பிற இந்திய மொழி எழுத்துகளோடு இணைவைத்து வகுக்கப்பட்டது. அது வரிசைப்படுத்துவதற்கென்று ஏற்பட்டதும் இல்லை. எண்களை ஒப்பிட்டே வரிசைப்படுத்தும் செயற்கூறு அதைத்தான் பின்பற்றும். இன்டலின் கொலேட்டர் வகுப்பைத் தமிழுக்கென்று உருவாக்கி வரிசைப்படுத்தினால் கமலா, கவிதா, கனகா என்று வருகிறது. மரம் முன்னும் மனம் பின்னும் வருகின்றன. கவிதை முன்னும் கழனி பின்னும் வருகின்றன.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு நுட்பம் உண்டு. சிறிய தளங்களுக்கு எஸ்க்யூலைட்டைத் தரவுத்தளமாகப் பயன்படுத்துவேன். அதுவும் இயல்பில் பைட்டுகளை ஒப்பிட்டுத்தான் வரிசைப்படுத்தும். ஆனால் பிஎச்பியின் எஸ்க்யூலைட்-3 நீட்டிப்பில், புதிய வரிசை முறை ஒன்றுக்குப் பெயர் வைத்து, ஒப்பிடும் வேலையை நம் செயற்கூறு ஒன்றிடம் ஒப்படைக்க இடமுண்டு. அந்த இடத்தில் இன்டலின் கொலேட்டரைக் கொடுத்துவிட்டால், வினவலில் ‘ஆர்டர் பை’ என்று எழுதியதும் தரவுத்தளமே தமிழ் அகரவரிசையில் விடை தருகிறது. எஸ்க்யூலைட்டை எழுதியவர்களும் இன்டலை எழுதியவர்களும் ஒருவரையொருவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு லைப்ரரிகளையும் சந்திக்க வைப்பது நடுவில் இருக்கும் நம் இரண்டு வரி ஸ்கிரிப்ட். ஸ்கிரிப்டிங் மொழி என்ற ஒன்று எதற்காக இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவு அடிப்படையான வேலையைச் செய்யும் இன்டல் ஏன் வெளியே நிற்கிறது? அதற்குப் பின்னால் ஒரு பெரிய முயற்சியும் அதன் தோல்வியும் உள்ளன. பிஎச்பி 6 என்ற பெயரில், சரங்கள் அனைத்தையும் எஞ்சினுக்குள்ளேயே யூனிகோடாக வைத்திருக்கும் பதிப்பு ஒன்றைச் சில ஆண்டுகள் உருவாக்கினார்கள். ஆண்ட்ரே ஸ்மியெவ்ஸ்கி அதில் முதன்மையானவர். யுடிஎஃப்-16 வடிவை உள்ளே வைத்துக்கொண்டு, யூனிகோட் விதிகளையும் மொழித் தரவையும் கொண்ட ஐசியூ என்ற லைப்ரரியை அடித்தளமாக்குவது திட்டம். உள்ளே வரும் ஒவ்வொரு சரத்தையும் மாற்றி, வெளியே போகும்போது திரும்ப மாற்ற வேண்டியிருந்தது. நினைவகமும் நேரமும் செலவாயின. ஏற்கெனவே இருந்த நீட்டிப்புகள் அனைத்தையும் திருத்தி எழுதும் சுமையும் சேர்ந்தது. 2010இல் அந்த முயற்சி கைவிடப்பட்டது. பிஎச்பி 5இலிருந்து மொழி நேராக 7க்குத் தாவியதன் பின்னணி இதுதான். அதே ஐசியூவை எஞ்சினுக்கு வெளியே நின்று அழைக்கும் இன்டல் 2009இல் பிஎச்பி 5.3உடன் சேர்த்துத் தரப்பட்டிருந்தது. மையத்தில் நடக்காத காரியம் நீட்டிப்பாக நிலைத்தது.

சேர்த்துத் தரப்பட்டது என்றால் இயக்கப்பட்டது என்று பொருளல்ல. மூலநிரலோடு வந்தாலும், கம்பைல் செய்பவர் தனியாகக் கேட்டால்தான் இன்டல் உருவாகும். டெபியன், உபுண்டு போன்றவற்றில் அது தனிப் பொதி. ஜேசனின் கதையை இதனோடு ஒப்பிடத் தோன்றுகிறது. 2006இல் பிஎச்பி 5.2உடன் சேர்ந்த ஜேசன், 2020இல் வந்த 8.0 முதல் நீக்கவே முடியாத பகுதியாகிவிட்டது. இன்டல் இன்னும் விருப்பத் தேர்வாகவே இருக்கிறது. இதில் ஓரவஞ்சனை இருப்பதாக நான் சொல்லமாட்டேன். ஜேசனுக்கு வெளி லைப்ரரி எதுவும் தேவையில்லை. இன்டலுக்கு ஐசியூ வேண்டும், அதன் தரவுக் கோப்பு மட்டுமே ஏறக்குறைய 30 மெகாபைட். உலகத்து மொழிகளின் வரிசை விதிகள், எண் வடிவங்கள், நாள்காட்டிகள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. எல்லோர் தலையிலும் அதை ஏற்றத் தயங்குவது புரிந்துகொள்ளத்தக்கதே. ஆயினும் அந்தத் தயக்கத்தின் விலையைக் கொடுப்பவர்கள் ஆங்கிலத்துக்கு வெளியே இருப்பவர்கள்.

அந்த விலை எப்படி வசூலாகிறது என்பதை நேரடியாகக் கண்டிருக்கிறேன். ஒரு தளத்தை மலிவான பகிர்வு ஹோஸ்டிங் ஒன்றுக்கு மாற்றியபோது அங்கே இன்டல் இல்லை. கேட்டதற்கு, அது வழக்கமான தொகுப்பில் இல்லை, தனிச் சர்வர் எடுத்துக்கொண்டால் நீங்களே நிறுவிக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. அதாவது, அகரவரிசை சரியாக வேண்டுமென்றால் மாத வாடகை பலமடங்கு. இத்தகைய இடங்களில் பாலிஃபில் எனப்படும் மாற்று நிரல்களைப் பரிந்துரைப்பார்கள். சிம்ஃபனி என்ற பிஎச்பி வலைச்சட்டகத்தின் குழுவினர் இன்டலின் பல பகுதிகளைத் தூய பிஎச்பியிலேயே எழுதித் தந்திருக்கிறார்கள். எழுத்தெண்ணவும் வடிவத்தைச் சீராக்கவும் அவை நன்றாகவே உதவுகின்றன, அவற்றுக்கு நன்றியுடையவன். ஆனால் கொலேட்டருக்கும் எண் வடிவமைப்புக்கும் அவர்கள் தரும் மாற்று ஆங்கிலத்துக்கு மட்டும்தான். தமிழைக் கேட்டால் பிழை எழுப்பி நிற்கும். தரவு இல்லாமல் விதி இல்லை என்பதால் அவர்களும் வேறெதுவும் செய்ய முடியாது.

நீட்டிப்பு ஏறியிருந்தாலும் தமிழ் இருக்கும் என்று நம்பிவிட முடியாது. நிரலை அதன் சூழலோடு பொதிந்து ஓட்டும் டாக்கரில் பலரும் பயன்படுத்தும் ஆல்பைன் லினக்ஸ், அளவைக் குறைப்பதற்காக ஐசியூவின் தரவை இரண்டாகப் பிரித்து, இயல்பில் ஆங்கிலத் தரவை மட்டும் நிறுவுகிறது. முழுத் தரவு தனிப் பொதி. இந்தச் சூழலில் இன்டல் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்றே விடை வரும்; தமிழுக்கென்று ஒரு வடிவமைப்பியை உருவாக்கினாலும் பிழை எழாது. மௌனமாகப் பொதுவிதிக்குப் போய்விடும். இதைக் கண்டுபிடிக்க நான் ஓர் எண்ணைப் பயன்படுத்துகிறேன். இந்தியத் தமிழுக்கான எண் வடிவமைப்பியிடம் 1234567ஐக் கொடுத்தால் 12,34,567 என்று வர வேண்டும். 1,234,567 என்று வந்தால் தரவு இல்லை என்று பொருள். தளம் எழும்போது ஓடும் சோதனைகளில் இது எப்போதும் முதலில் இருக்கும்.

நீட்டிப்புகளின் ஆயுள் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் ஒரு நீட்டிப்பைத் தேர்ந்தெடுப்பது அதன் அடியில் இருக்கும் சி லைப்ரரியின் ஆயுளையும் ஏற்றுக்கொள்வதாகும். எம்கிரிப்ட் இதற்குத் தெளிவான சான்று. மறையாக்கத்துக்காக எண்ணற்ற தளங்கள் அதை நம்பியிருந்தன. அதன் அடியில் இருந்த லைப்ரரி 2007க்குப் பிறகு புதுப்பிக்கப்படவே இல்லை. பாதுகாப்புக்கென்று இருக்கும் ஒன்று அப்படிக் கிடந்தது, ஆனாலும் 2017இல் வெளிவந்த பிஎச்பி 7.2இல் நீக்கப்படும் வரை அது மூலநிரலோடு வந்துகொண்டிருந்தது. அதே 7.2இல் மறையாக்கத்துக்கான சோடியம் நீட்டிப்பு உள்ளே வந்தது நல்ல முடிவு. மின்னஞ்சல் பெட்டிகளை அணுகும் ஐமேப் நீட்டிப்பும் இதே வழியில் போயிற்று. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பிறந்த சி-கிளையன்ட் லைப்ரரியைப் பராமரிப்பார் இல்லாமல் போனதால், 2024இன் பிஎச்பி 8.4இல் அது பெக்கல் எனப்படும் வெளிக் களஞ்சியத்துக்கு நகர்த்தப்பட்டது. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்துக்கான பழைய நீட்டிப்பு 2015இல் பிஎச்பி 7.0இலிருந்து நீக்கப்பட்டபோது உடைந்த தளங்களை இன்னும் சிலர் சரிசெய்துகொண்டிருக்கிறார்கள்.

வேகத்துக்காக மட்டும் எழுதப்பட்ட நீட்டிப்புகளுக்கு வேறொரு விதமான முடிவு வருகிறது. ட்விக் என்ற வார்ப்புரு எஞ்சின், தன் மெதுவான பகுதியைச் சி மொழியில் எழுதித் தனி நீட்டிப்பாகத் தந்திருந்தது. இரண்டாம் பதிப்பில் அதை விட்டுவிட்டார்கள். 2012இல் வந்த ஃபால்கன் ஒரு முழு வலைச்சட்டகத்தையே நீட்டிப்பாக எழுதியது, அன்றைக்கு அது பெரும் வியப்பு. ஆனால் பிஎச்பி 7 எஞ்சினே, ஒரு மாறியை வைக்கும் அமைப்பை 24 பைட்டிலிருந்து 16 பைட்டாகச் சுருக்கியது உட்படப் பல மாற்றங்களால், பழைய நிரல்களை ஏறக்குறைய இருமடங்கு வேகத்தில் ஓட்டத் தொடங்கியபின் அந்த அனுகூலம் தேய்ந்தது. வேகம் எஞ்சினுக்குள்ளேயே வளரக்கூடியது. தமிழ் அகரவரிசை அப்படித் தானாக உள்ளே வளராது. அந்த அறிவு வெளியிலிருந்துதான் வர வேண்டும். இந்த வேறுபாட்டைக் கருதியே, வேகத்துக்கான நீட்டிப்புகளைத் தவிர்ப்பதும் அறிவுக்கான நீட்டிப்புகளைத் தேடிப் போவதும் என் வழக்கமாயின.

பதிப்பு உயர்வின்போது வரும் தொல்லையைச் சொல்லாமல் விட முடியாது. பிஎச்பி 8.1க்குக் கம்பைல் செய்த நீட்டிப்பு 8.2இல் ஏறாது. ஒவ்வொரு தொகுதியும் தன்னுள் ஓர் எண்ணைச் சுமக்கிறது, 8.1க்கு அது 20210902, 8.2க்கு 20220829. எண் பொருந்தாவிட்டால் எஞ்சின் அதை வாசலிலேயே நிறுத்திவிடும். இரண்டும் ஒரே நினைவகத்தைப் பகிர்வதால் இந்தக் கண்டிப்பு நியாயமானது. வெளிக் களஞ்சியத்திலிருந்து வந்த நீட்டிப்பு என்றால் பிஎச்பைஸ், கன்ஃபிகர், மேக் என்ற கட்டளைகளை ஓட்டி மீண்டும் கம்பைல் செய்ய வேண்டும். 2025இல் பிஎச்பி அறக்கட்டளை வெளியிட்ட பை என்ற நிறுவிக் கருவி இந்த வேலையை, பிஎச்பி தொகுப்புகளை நிறுவும் கருவியான கம்போஸரின் பாணியில் எளிதாக்கியிருப்பது உண்மையான ஆறுதல். இன்டலுக்கு இன்னொரு கூடுதல் கவனம் தேவை. ஐசியூவின் பதிப்பு மாறும்போது, வரிசைப்படுத்துவதற்காக நாம் கணக்கிட்டுத் தரவுத்தளத்தில் சேமித்து வைத்த சாவிகளும் மாறக்கூடும். ஆகவே இயங்குதளத்தை உயர்த்திய பின் அவை எல்லாவற்றையும் திரும்பக் கணக்கிட வேண்டும்.

குறைகளும் உண்டு. ‘க்ஷ’ என்பதை இன்டல் இரண்டாகத்தான் எண்ணுகிறது, யூனிகோடின் பிரிப்பு விதி அப்படி. சொல் விளையாட்டுக்கோ யாப்பு ஆய்வுக்கோ எழுதும்போது அதை நானே ஒன்றாகச் சேர்த்துக்கொள்கிறேன். 8.4இல் சேர்ந்த, சரத்தை எழுத்தெழுத்தாகப் பிரிக்கும் கிராஃபீம் செயற்கூறு வந்தபின் அதற்குச் சில வரிகளே போதுகின்றன.

தமிழ்த் தளம் ஒன்றைப் பிஎச்பியில் எழுதுபவர்கள் கம்போஸர் கோப்பின் தேவைப் பட்டியலில் இன்டல் நீட்டிப்பையும் எம்பிஸ்ட்ரிங்கையும் வெளிப்படையாக எழுதிவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த இரண்டு வரி இருந்தால், நீட்டிப்பு இல்லாத சர்வரில் கம்போஸர் தொகுப்புகளை நிறுவ மறுத்து, எது இல்லை என்பதையும் பெயரோடு சொல்லும். ஹோஸ்டிங் நிறுவனத்திடம் பேசும்போது அந்தச் செய்தியை அப்படியே அனுப்பலாம். கனகாவைக் கமலாவுக்கு முன்னால் வைத்துக்கொண்டு தளம் ஓடுவதைவிட, அது நிறுவப்படாமல் நிற்பதையே நான் விரும்புகிறேன்.